மேலே போனால் குளிரும்

நம் கணக்கில் நான் கிழவன். வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. என்னோடு படித்தவர்கள் இப்போதுதான் தலைக்கு மை பூசத் தொடங்கியிருக்கிறார்கள். நானோ படிக்கட்டைக் கண்டால் கீழேயே நின்று, எத்தனை படி என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன். எக்ஸ்ரே பார்த்த ஒரு டாக்டர், "இந்த முழங்காலுக்கு எண்பது வயசு இருக்கும்" என்றார். ரத்தம் உறையாத உடம்போடு பிறந்த நம் கூட்டத்தில், மலைப்பக்கத்திலிருந்து வந்து இந்த வயதைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு கை விரல்கள் போதும்.

போன வாரம் நம் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: முதல் தடவையாக விமானத்தில் போகிறேன், மருந்தையும் ஊசியையும் கையில் கொண்டுபோக விடுவார்களா, இல்லை பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாமா? ஆளாளுக்குப் பதில் எழுதினீர்கள். டாக்டர் சீட்டு, ஐஸ் பை, ஒன்றுக்கு இரண்டாக ஊசி. எல்லாம் சரியாகவே சொன்னீர்கள். நான் மட்டும் எழுதவில்லை. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று இரவில் எழுந்து எழுந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து, எழுந்து பார்த்தால் அடுப்பங்கரையில் ஒரு பிஸ்கட் டின் தெரிகிறது. அந்த டின் தொலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆகவே சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். கொல்லிமலையில், குண்டூர் நாட்டில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மிளகும் காப்பியும் கொஞ்சம் குச்சிக்கிழங்கும், மரவள்ளிதான். அந்த வருஷம் மிளகு பறிக்கிற காலம் முழுவதையும் நான் நாடாக் கட்டிலில் படுத்தே கழித்தேன். வலது முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து, அது மடங்கவும் மாட்டேன் நீளவும் மாட்டேன் என்று பாதியில் நின்றுபோயிருந்தது. அதற்கடியில் ஓர் இலவம்பஞ்சுத் தலையணை. காலையில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வரும். கட்டில் காலில் தொடங்கி என் கால்வரை வெள்ளையாகப் படர்ந்து, கொஞ்ச நேரம் என்னோடு படுத்திருந்துவிட்டு, வெயில் வந்ததும் எழுந்து போய்விடும். வாசலில் பாய்மேல் மிளகு காயும். காலையில் பச்சையாக இருப்பது பொழுது சாய்வதற்குள் சுருங்கிக் கறுத்துவிடும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு மணி மிளகாவது என் கண்ணெதிரே கறுப்பதைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை.

எண்ணுகிற பழக்கம் அப்போது வந்ததுதான். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால் அம்மா கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பாள். பிடித்தால் நெடுநேரம் எடுக்கக் கூடாது. "ரத்தத்தப் பாக்காத கண்ணு. வேறெதையாச்சும் எண்ணு" என்பாள். கூரை ஓடு, பாயின் கோடு, கோழி, கோழிக்குஞ்சு, எது கிடைக்கிறதோ அது. இன்றைக்கும் எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் யாரோ என்னை அழுத்திப் பிடித்திருப்பது போலவே இருக்கிறது. அதனால்தான் நிறுத்த முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான். எனக்கு மாமாவாகியிருக்க வேண்டியவன். ஏழு வயதில் ஒரு பல் விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. பச்சிலை வைத்தார்கள், மந்திரித்தார்கள், கம்பளிக்குள் சுருட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். அடிவாரம் வரும்போது தூக்கி வந்தவர்களின் தோள் மட்டுமே ஈரமாக இருந்ததாம். அம்மா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஆனால் தினமும் விடிந்ததும் என்னை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து, வாயைத் திறக்கச் சொல்லி, பல் பல்லாக விரலால் தொட்டுப் பார்ப்பாள். அந்த மாசியில் எனக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் ஆடத் தொடங்கியிருந்தது.

நமக்கு மருந்து என்று ஒன்று இருப்பதே அதற்கு முந்தின வருஷம்தான் தெரியும். மெட்ராஸில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னார். தூளாக ஒரு குப்பி, அதில் கலக்கத் தண்ணீராக ஒரு குப்பி. குளிர்ச்சியில் வைக்க வேண்டும். நரம்பில் போட வேண்டும். யார் போடுவது? மலை ஆஸ்பத்திரிக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த நர்சம்மா எல்லா நாளும் இருக்க மாட்டார். ஒருநாள் அவரே அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர் ட்யூபில் சிவப்பு மைத் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினார்.

"கண்ணால தேடாதீங்க. விரலால தேடுங்க. துணிக்கு அடியில எங்க துள்ளுதோ அங்கதான்."

அம்மா ஊசியைச் செருகினாள். துணிதான் கிழிந்தது.

"பரவால்ல. இன்னும் ஒரு கஜம் துணி இருக்கு" என்றார் நர்சம்மா.

மூன்றாம் நாள் ஊசியின் பின்னாலிருந்த குழாயில் சிவப்பு ஏறிவந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துருச்சு" என்றாள் மெதுவாக, கன்று ஈன்றதைச் சொல்வது போல. மருந்தைக் கலக்கவும் நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். "குலுக்கப்பிடாது. நுரைச்சுப் போவும். உள்ளங்கையில வச்சு சுழத்தணும், உறங்குற பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரி."

அப்பா இந்தச் சமயங்களில் வீட்டில் இருக்க மாட்டார். ஊசி என்றாலே அவருக்கு முகம் வெளுத்துவிடும். நர்சம்மா பையைத் திறக்கும்போதே துண்டை உதறிக்கொண்டு மிளகுக்கொடி பார்க்கப் போய்விடுவார். இதை வைத்து அவரைப் பலபேர் கேலி செய்ததுண்டு. ஆனால் ஊசியைத் தவிர மற்ற எல்லாமே அவர் பொறுப்பு. முக்கியமாக, குளிர்ச்சி.

எங்கள் ஊரில் அப்போது ஃப்ரிட்ஜ் கிடையாது. கரண்டே நினைத்தால்தான் வரும். மருந்து கீழே சேந்தமங்கலத்தில், கூல்டிரிங்ஸ் கடை பாயின் ஃப்ரிட்ஜில், கலர் பாட்டில்களுக்குப் பின்னால் இருந்தது. பாய் அதற்குக் காசு வாங்கியதில்லை. "என் ஃப்ரிட்ஜுலயே வெல கூடுன கூல்டிரிங்ஸ் இதுதானுங்கண்ணா. எங்க ஊட்டுக்காரி ஐஸ் எடுக்க வந்தாக்கூட மேல படாம எடுன்னு சொல்லி வெச்சிருக்கறன்" என்பார்.

தேவைப்பட்டால் அப்பா முதல் பஸ்ஸில் இறங்கிப் போய், வாய் அகன்ற பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்து வருவார். அதிலே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கீழே ஐஸ் மளமளவென்று கரையும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் கரைவது குறைந்துவிடும். மேலே வந்தால் கரையவே யோசிக்கும். "பாத்தியா புள்ள, மேல வர வர ஐஸுக்கு வேலயே இல்ல" என்று அம்மாவிடம் சொல்வார். அடுத்தவர் தலையில் சுமந்ததைத் தான் இறக்கிவைத்தது போல ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் இருக்கும்.

அப்போதுதான் பம்பாய்ச் சேதி வந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு டாக்டர்கள் வந்து, நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்கிறார்கள். அதற்கான மருந்தையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். ரயிலில் குலுங்கிக்கொண்டு வந்தால் கால் தாங்காது என்று, எனக்கும் துணைக்கு ஒருவருக்கும் விமான டிக்கெட் தருகிறார்கள். மெட்ராஸ் டாக்டர் வழிக்கென்று நான்கு டோஸ் தந்தார். அந்தக் காலத்தில் நான்கு என்றால் உங்களுக்குத் தெரியும். துணைக்கு ஊசி போடத் தெரிந்த அம்மாதான் என்பதில் அப்பாவுக்கு மறுபேச்சு இல்லை.

பாயின் கடையில் ஒரு மாநாடே நடந்தது. பாயின் மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். எங்கள் மூவருக்கும் தெரிந்த ஆட்களில் விமானத்தில் ஏறியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஊசி, கத்தி, நகவெட்டி, ஒண்ணயும் கையில விடமாட்டாங்கண்ணா. பொட்டியில போட்டுக் கீழ அனுப்பீருங்க. பிளேனுக்கு வகுறு மாதிரி ஒரு எடம் இருக்குது, பொட்டியெல்லாம் அங்கதான். எறங்குனதுக்கப்பறம் தொட்டா எம் பொட்டி ஜில்லுனு இருக்கும்."

அப்பா அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "ஜில்லுன்னா எந்த அளவுக்குங்க?"

"உங்க மலையெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா."

அன்று அப்பா வழியிலேயே தெர்மாகோல் வாங்கிக்கொண்டு மலையேறினார். வீட்டுக்கு வந்ததும் தெர்மாகோல் அட்டையை அறுத்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அளவாகப் பதிக்கத் தொடங்கினார். நான் கட்டிலில் படுத்தபடி அந்தக் கிறீச்சிடும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளை மணிகள் காற்றில் பறந்து வந்து என் கம்பளியில் ஒட்டின. மூடியில் இரண்டு மான்கள் நின்றிருந்த டின் அது. குப்பிகள் எட்டும் தனித்தனிக் குழியில் படுத்துக்கொண்டன.

மெட்ராஸ் விமான நிலையத்தின் வாசலில் அப்பாவும் அம்மாவும் ஒரு தூணோரமாகக் குந்தி உட்கார்ந்தார்கள். நான் பெட்டிமேல் சாய்ந்திருந்தேன். அப்பா பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே, ஐஸ் போட்டு மூடிய டின்னை வைத்தார்.

"ஏனுங்க, டாக்டரு கையிலயே வெச்சுக்கோணும்னு சொன்னாருங்களே" என்றாள் அம்மா.

"குளிர்ச்சியா வெச்சுக்கோணும்னும் சொன்னாருல்ல? உள்ளார ஆளுக மூச்சு, பஸ்ஸாட்டம் புழுங்கும். நீயே ரோசன பண்ணு. சேந்தமங்கலத்துல வேர்க்குது. அங்கிருந்து கொஞ்சம் மேல வந்தா நம்ம ஊட்டுல கம்பளி போத்தறோம். இது அதவிட எத்தன மடங்கு மேல போகுது? வகுத்துல கெடந்தா மருந்து அப்படியே தூங்கும். ரெண்டு மணி நேரந்தான, அதுக்குள்ள என்ன ஆகப்போகுது?"

அம்மா என் வாயைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

மலையில் பிறந்த யாரும் அந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்திருக்க முடியாது. மேலே போனால் குளிரும். அப்பா பெட்டியை மஞ்சள் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார். என்னைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சக்கர நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து அவர் பாதி கரைந்தது போலத் தெரிந்தார்.

பாதுகாப்புச் சோதனையில் என் தலையணையை ஒருவர் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தார். ஒரு பஞ்சு விதை கையில் தட்டுப்பட்டதும் மேலதிகாரியைக் கூப்பிட்டார். இருவரும் அதை மாறிமாறி அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

விமானம் கிளம்புவதற்கு முன்னால் பணிப்பெண் ஒரு தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பக்கம் மிட்டாய், ஒரு பக்கம் பஞ்சு. மிட்டாய் வாய்க்கு, பஞ்சு காதுக்கு. அதுவரை யாரும் எனக்கு இப்படித் தட்டு நிறைய நீட்டி, எடுத்துக்கொள் என்று சிரித்ததில்லை. அம்மா ஒன்று எடுத்தால் போதும் என்றாள். நான் ஒரு பிடி எடுத்தேன். சிவப்புத் தாள், பச்சைத் தாள். பிரித்துப் போட்டுக்கொண்டேன். பல்லில் ஒட்டுகிற மிட்டாய். விமானம் ஓடி, எழும்பி, முதுகை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தபோது, வாய்க்குள் மெத்தென்று ஏதோ பிரிந்தது. இனிப்புக்குள் ஓர் ஆணியைச் சப்பிய ருசி வந்தது. மிட்டாயைக் கையில் துப்பினேன். அதில் பல் பதிந்திருந்தது.

அம்மா பார்த்தாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று இத்தனை வருஷமாக ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், வரவில்லை. காதுக்குக் கொடுத்த பஞ்சை அவள் உருட்டியதும், அதைப் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியதும்தான் தெரிகிறது. என் தலையை இழுத்துத் தன் இடது தோளில் சாய்த்துக்கொண்டாள். வெளிர்நீலச் சேலை, கஞ்சி போட்டது, கன்னத்தில் குத்தியது.

வழியோரச் சீட்டில் பட்டணத்துக்காரர் ஒருவர் இருந்தார். என் உதட்டோரம் ரத்தத்தைக் கண்டதும் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு, "டி.பி.யாம்மா?" என்றார்.

"இல்லீங்க. பல்லுங்க."

"பல்லுக்கா இவ்வளவு?" அவர் நம்பவில்லை. உடம்பை முடிந்தவரை வழிப்பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

அம்மா யாரிடமும் மருந்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் எங்களை நடுவழியில் இறக்கிவிடுவார்கள் என்று பயந்தாளாம், பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களை இறக்கிவிடுவது போல. பணிப்பெண் வந்தபோது, "ஐஸு, ஐஸு" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை இருவருக்கும் பொதுவாக இருந்தது. பிளாஸ்டிக் கோப்பையில் ஐஸ் வந்தது. தீர்ந்ததும் கேட்காமலே மறுபடி வந்தது. பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கீழே பனி மூடிக் கிடந்தது. எனக்கு அது தெரிந்த பனிதான். மிளகுக்கொடிகளுக்குமேல், சில்வர் ஓக் மரங்களின் உச்சிக்குமேல், பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு இப்படித்தான் படுத்திருக்கும். அதற்கடியில் எங்கள் வாசல் இருக்கிறது, மழை வருமோ என்று அப்பா மிளகுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார், அண்ணாந்து பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவரைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. வாயில் அம்மாவின் விரல் இருந்தது. எல்லாம் மெதுவாகவும் தூரமாகவும் இருந்தது. பயம் இல்லை. பயம் முழுவதையும் அம்மாவே வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலைத் தரையில் அழுத்தி வைத்தாள். பாதத்தை நகர்த்தி நகர்த்தி, துணிக்கடியில் ரப்பர் ட்யூபைத் தேடியது போலத் தேடினாள். தரைக்கு அந்தப் பக்கம், எங்கள் காலுக்கு நேர்க்கீழே, சேலைகளுக்கு நடுவில் டின்னுக்குள் மருந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஆள் இறங்கிப் போக வழியில்லை.

"குளுருது" என்றாள் தனக்குள். "குளுரத்தான் செய்யுது."

பிறகு என் காதில், "வளைவு எண்ணு சாமி. எழுவதுல இருந்து எறங்கு" என்றாள்.

நான் அவள் மணிக்கட்டில் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். எழுபது, சோளக்காட்டுக்குக் கீழே, ஒரு சிறு கோயில். அறுபத்தெட்டில் அருவிச் சத்தம். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் கல்லில் கறுப்பு எண். டிரைவர் ஹாரன் அடிப்பார், பாதிப் பேர் இடப்பக்கமும் பாதிப் பேர் வலப்பக்கமும் சரிவார்கள். விமானம் சரியவேயில்லை. எங்கோ நாற்பதுகளில் தூங்கிப்போனேன் போல. விழித்தபோது அம்மா என் விரலைப் பிடித்துத் தன் கையில் தானே தட்டிக்கொண்டிருந்தாள். "பதினேழு" என்றாள். "நெறுத்தாத." காது அடைத்தது. சக்கரம் தரையில் முட்டியபோது நாங்கள் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை, இன்னும் நான்கைந்து வளைவுகள் மிச்சமிருந்தன.

பெட்டிகள் வந்து சுற்றுகிற ரப்பர்ப் பட்டையின் முன்னால், நான் சக்கர நாற்காலியிலும் அம்மா பக்கத்தில் நின்றபடியும் காத்திருந்தோம். எங்கள் பெட்டி வந்தது. மஞ்சள் கயிறு தூரத்திலேயே தெரிந்தது. அம்மாவின் வலது கை என் வாயில். இடது கையால் பெட்டியைப் பிடித்தாள், கனம் தாங்காமல் நழுவியது. பெட்டி எங்களைக் கடந்து, ஓரத்தில் தொங்கிய ரப்பர்த் திரையை நோக்கிப் போனது. அது மறுபடி சுற்றி வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மலையில் ஓடை இழுத்துக்கொண்டு போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

என் கட்டைவிரலை எடுத்து என் வாயிலேயே வைத்தாள். "நீயே அமுக்கிக்க கண்ணு." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டைமேல் ஏறினாள். ஓடுகிற பட்டையில் அவளும் ஓடினாள். யாரோ விசில் அடித்தார்கள். திரைக்குள் போகவிருந்த பெட்டியைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு தரையில் குதித்தாள். அப்பா போட்ட முடிச்சு முழுவதையும் பல்லால் அவிழ்த்தாள்.

டின் ஈரமாக இருந்தது. ஐஸ் எல்லாம் தண்ணீராகியிருந்தது, ஆனால் ஓடைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. குப்பிகளைத் தடவிப் பார்த்தாள். எட்டும் முழுசு. ஜோடியாக இரண்டை அடிவயிற்றில் சேலைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் சூடுபடுத்தினாள். மருந்தில் தண்ணீரைக் கலந்து உள்ளங்கையில் சுழற்றினாள். முழங்கையை விலாவில் இறுக்கிக்கொண்டு சுழற்றினாள். குலுக்கிவிடக் கூடாதே.

ஊசியை உறையிலிருந்து எடுத்தபோதுதான் காவலர் வந்து அவள் தோளைப் பிடித்தார். இந்தியில் ஏதோ அதட்டினார். அம்மா அவரை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. என் முழங்கைக்குள் விரலால் தேடிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே ஒதுங்கி நின்ற பட்டணத்துக்காரர் அப்போது முன்னால் வந்தார். கைக்குட்டையை எடுத்துவிட்டுக் காவலரிடம் இந்தியில் ஒரு வரி சொன்னார். காவலர் கையை எடுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வேடிக்கை பார்த்தவர்களை விலக்கத் தொடங்கினார்.

ஊசியின் மெல்லிய குழாயில் சிவப்பு ஏறிவந்தது.

"வந்துருச்சு" என்றாள் அம்மா.

மருந்து போய் முடிந்தும் நெடுநேரம் கழித்து, பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் ரோஜாவாகக் கொஞ்சம் இருந்தது. பள்ளத்தில் கருஞ்சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது, காய்ந்த மிளகு போல. அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தூணில் தலையைச் சாய்த்தாள்.

"என்னங்க சொன்னீங்க அவருகிட்ட?"

"டாக்டர்னு சொல்லிட்டேம்மா. பெரிய டாக்டர், தொந்தரவு பண்ணாதேன்னு" என்றார் பட்டணத்துக்காரர். அம்மா தன் வெறும் காலையும், தோள் முழுக்க நனைந்த சேலையையும், பல்லால் அவிழ்த்த கயிற்றையும் பார்த்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆபரேஷன் நடந்தது. கால் முக்கால்வாசி நீண்டது, சில வருஷங்களுக்கு. மிட்டாய்த் தாளில் சுற்றி வைத்த பல் பம்பாய் ஆஸ்பத்திரியில் எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது. மிச்ச மூன்று டோஸும் அங்கேயே தீர்ந்து, திரும்பும்போது டின்னில் மருந்து இல்லாததால் அது எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

சேந்தமங்கலத்தில் பாய் கடை வாசலிலேயே அப்பா காத்திருந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மேல குளிரா இருந்துச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நல்ல குளுருங்க. நம்மூரு மார்கழியாட்டம். மருந்து ஒண்ணும் கெடல."

அப்பா பாய் பக்கம் திரும்பினார். "நாஞ் சொன்னனுங்களா பாய்?"

"சொன்னீங்க, சொன்னீங்க. இந்தாங்க, பன்னீர் சோடா குடிங்க. பையனுக்கு ஐஸ் வேண்டாம், பல்லுல காத்தடிக்குது பாருங்க."

"பல்லு எங்க சாமி?" என்றார் அப்பா.

"பம்பாயில விழுந்துருச்சுங்க" என்றாள் அம்மா. அது பொய்யும் அல்ல.

அதற்கப்புறம் பல மாசம் அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில், மிளகு மண்டியில், நர்சம்மாவிடம். எப்படித் தான் ஒரு கைப்பிடி ஐஸோடு மருந்தைப் பம்பாய் வரை தூங்கவைத்தார் என்று. அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். இன்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது. யாராவது ஓர் அப்பா அதைக் கேட்டுவிட்டு, தன் பிள்ளையின் மருந்தையும் பெட்டியில் பூட்டி அனுப்பியிருந்தால்? அம்மா அதை யோசித்திருக்க மாட்டாள். அவர் முகம் ஒன்றைத்தான் யோசித்திருப்பாள்.

ஒருநாள் அவள் அந்த வெளிர்நீலச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். பம்பாயிலேயே நான்கைந்து தடவை அலசியும் தோள் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை நின்றுவிட்டிருந்தது. மிளகுக் கூடையோடு வந்த அப்பா கொடியருகே நின்றார். சேலையில் கறை இருந்த இடத்தைப் பார்த்தார். தன் தோளைத் தொட்டார். பிறகு வாசலில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, என் தலை எந்த உயரத்துக்கு வருகிறது என்று பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன்பிறகு, அடுத்த பயணம் வரை, குளிரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் காலைச் சோதிக்க மறுபடி பம்பாய்க்குக் கூப்பிட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா வாசலில் உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கண்டால் ஓடுகிற மனிதர், சாக்கு தைக்கிற கோணி ஊசியை வைத்துக்கொண்டு, மானும் மானுமாக இருந்த அந்த டின்னுக்கு ஒரு துணி உறை போட்டு, என் பழைய கட்டிலின் நாடாவை வெட்டி அதற்கு வாராகத் தைத்தார். ஒவ்வொரு தையலையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். இருபத்திரண்டு தையல். நான் எண்ணினேன்.

மெட்ராஸ் விமான நிலையத்தின் அதே தூணோரம். அம்மா பெட்டியைத் திறந்து சேலைகளை விலக்கி, டின்னுக்கு இடம் பண்ணினாள். அப்பா டின்னைக் கொடுக்கவில்லை. வாரை விரித்து அவள் கழுத்தில் மாட்டினார். டின் அவள் வயிற்றோடு ஒட்டி நின்றது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து அவள் கையில் வைத்தார். அவர் பார்வை மட்டும் எங்கோ, கார்கள் நிற்கிற பக்கம் இருந்தது.

"இந்தத் தடவ கீழ குளுரு ரொம்ப அதிகமாம். மருந்து ஒறஞ்சு போயிருமாம். மடியிலயே வெச்சுக்க" என்றார்.

அம்மா டின்னின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "போன தடவையே கொஞ்சம் அதிகந்தானுங்க."